சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு மைதானம்: ஊர் விளையாட்டுக் குழு நடத்தி பிள்ளைகளின் மனசைத் தேற்ற முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு நிலைமை மாறி வருகிறது. ஆனால் அதற்கு முன்பு விழுந்த கறை விழுந்ததுதான்.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் சாயங்காலக் கபடி ஆரம்பித்த புதிதில் அப்படி ஒரு பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவான். கபடியில் பாடிப் போகிறவன் வாயைத் திறந்தே ஆகவேண்டும். நடுவருக்குக் கேட்கும்படி 'கபடி கபடி' என்று விடாமல் பாடவேண்டும். பாட்டு நின்றால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும். முதல் வாரம் அவன் கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்து, முணுமுணுத்துவிட்டுத் திரும்பி வந்தான். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தினமும் அவன் முறை வந்தது. தினமும் யாராவது ஒருவன் "டேய், இப்ப நீ பாடு" என்று முதுகைத் தட்டி அனுப்பினான். மூன்றாவது மாதம் அவன் குரல் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்டது. ஒரு நாள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டில் வந்து விழுந்து, அப்படியே மண்ணில் படுத்தபடி சிரித்தான். கை வாய்க்குப் போகவில்லை.

அன்றைக்கு அவன் அணி தோற்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான் இருக்கப் போகிறது. கோப்பை வாங்குவதால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்து ஆரம்பித்தவன் நான். தினமும் தன் பெயரைக் கூப்பிடுகிற ஒரு இடமும், தனக்கென்று ஒரு முறையும் இருப்பதுதான் வேலை செய்கிறது என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும்.

விளையாட்டு மனசுக்கு என்ன செய்கிறது

2018-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் 12 லட்சம் பேரிடம், கடந்த மாதத்தில் எத்தனை நாள் மனநிலை சரியில்லாமல் இருந்தது என்று கேட்ட கணக்கு. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படிப்பட்ட நாட்கள் சுமார் 43 சதவீதம் குறைவாக இருந்தன. எல்லா வகைப் பயிற்சியிலும் குழு விளையாட்டுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு 3 முதல் 5 நாள் என்ற அளவு நன்றாக இருந்தது. அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மனசு நன்றாக இருப்பவர்கள்தான் விளையாட வருகிறார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். இந்த மாதிரிக் கணக்கில் அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்காது. ஆனாலும் 45 நிமிடம், வாரம் 5 நாள் என்பது ஒரு ஊரால் தாங்கக்கூடிய அளவு. அதை மனதில் வையுங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடம்பு ஓடினால் தூக்கம் சீராகும், பசி எடுக்கும், இறுக்கம் தளரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன்னம்பிக்கை எப்படி வருகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடிப்பது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. நம்பிக்கையானவர் ஒருவர் "உன்னால முடியும்" என்று சொல்வது. அப்புறம், நெஞ்சு படபடப்பதைப் பயமாக எடுத்துக்கொள்ளாமல் பழகுவது. இந்த நான்கில் முதலாவதுதான் பலமானது என்றார். ஒரு கபடிக் கோர்ட்டில் அரை மணி நேரத்தில் இந்த நான்கும் நடந்துவிடுகின்றன. ஆனால் தானாக நடக்காது; நாம் அப்படி அமைக்கவேண்டும்.

முதல் படி: பந்து வாங்கும் முன்பு ஒரு வாரம் ஊரைச் சுற்றுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை நடங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்? பத்தாவதோடு நின்றவர்கள் யார்? ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கி எழுந்து, டீக்கடை பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் யார்? வயதுக்கு வந்தபிறகு தெருவில் காணாமல் போன பெண் பிள்ளைகள் யார் யார்? நீங்கள் நடத்தப் போகிற குழு இவர்களுக்காகத்தான். ஏற்கெனவே ஓடியாடிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் விளையாட்டு உண்டு.

பார்க்கிறவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வரமுடியும்? எது இருந்தால் வரமாட்டாய்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் தங்கம். எங்களுக்கு வந்தவை: "ஷூ இல்லணா." "மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்." "அவன் வந்தா நான் வரமாட்டேன், பட்டப்பேர் வெச்சு கூப்புடுவான்." "இருட்டுனா ஆயா திட்டும்." இந்த நான்குக்கும் வழி செய்த பிறகுதான் விசில் வாங்கினோம். வெறுங்காலில் ஆடும் விளையாட்டு, புல் அறுத்துவிட்டு வருவதற்குத் தோதான நேரம், பட்டப்பெயருக்குத் தடை, இருட்டும் முன்பு வீடு.

தக்காளி பறிப்பு, மாங்காய் சீசன், வேர்க்கடலை பிடுங்குகிற நாட்கள் என்று ஊருக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அந்த நாட்களில் வருகை குறையும். முன்கூட்டியே தெரிந்தால் மனம் விடாமல் இருப்பீர்கள்.

இரண்டாம் படி: இடம்

அரசுப் பள்ளி மைதானம் கிடைத்தால் வேறு எதையும் தேடவேண்டாம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வைக்கச் சொல்லுங்கள். எந்த நேரம், யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்று மூன்று வரி போதும். கிராம சபையிலும் பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மைதானம் ஒதுக்கும் தீர்மானத்தில் ஒரு வரி ஏறிவிட்டால், நாளைக்கு அந்த இடத்தில் யாரும் வைக்கோல் போர் போடமுடியாது.

பள்ளி மைதானத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கோயில் நிலம், பெரியவீட்டுக் களம் என்று ஒரு இடத்தை எடுத்தால், காலனிப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். யாரும் வராதே என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பிள்ளைக்கும் காலனிப் பிள்ளைக்கும் ஒரே உரிமை உள்ள இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். தண்ணீர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு குடம், இரண்டு டம்ளர், எல்லோரும் அதில் அண்ணாந்து குடிக்கிறோம். ஆரம்பத்தில் இரண்டு பிள்ளைகள் வீட்டிலிருந்து தனி பாட்டில் கொண்டுவந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் முறையை வாரம் ஒருவருக்கு என்று எல்லோருக்கும் சுழற்றிவிட்டேன். ஒரு மாதத்தில் பாட்டில்கள் நின்றன. அணி பிரிக்கும்போதும் தெருவாரியாகப் பிரிக்காதீர்கள், நண்பர்களே நண்பர்களை எடுக்கவும் விடாதீர்கள். வரிசையில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்லி, ஒற்றை ஒரு பக்கம் இரட்டை ஒரு பக்கம். 'யாரும் எடுக்காத கடைசி ஆள்' என்ற அவமானமும் இதோடு ஒழிகிறது.

எங்கள் மண் சரளை. முதல் பத்து நாள் விளையாட்டே கல் பொறுக்குவதுதான். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். தான் கல் பொறுக்கிய மைதானத்தை யாரும் அசிங்கம் பண்ணமாட்டார்கள். அப்புறம் ஏர் ஓட்டி, தண்ணீர் தெளித்து, மேலே கொஞ்சம் சலித்த மண் போடுங்கள். ஆண்கள் கபடிக் கோர்ட் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. கோடு போட சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் வெந்துவிடும். கோலமாவு போடுங்கள், இல்லை என்றால் கயிறைப் பதித்து ஆணி அடியுங்கள்.

மூன்றாம் படி: எந்த விளையாட்டு

என் ஓட்டு கபடிக்கு. செலவில்லை, வெறுங்கால் போதும் என்பது மட்டும் காரணமில்லை. கபடியில் ஆட்டம் இழந்து வெளியே போனவனுக்குக் கதை முடிவதில்லை. தன் அணி எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால், முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வருகிறான். அதனால் வெளியே உட்கார்ந்திருப்பவன் தலையைத் தொங்கப் போடுவதில்லை, முழங்காலில் நின்று கத்துகிறான், "அண்ணே, எனக்காக ஒரு டச்சு!" உள்ளே ஆடுபவனுக்கும் அது தெரியும்: நான் ஒருவனைத் தொட்டால் என் ஆள் ஒருவன் திரும்பி வருவான். ஒவ்வொரு ரைடும், அதாவது ஒரு தடவை பாடிப் போய் வருவது, 30 நொடிதான். சரியாக ஆடாவிட்டாலும் 30 நொடியில் முடிந்துவிடும், அடுத்த முறை வரும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிடத் தோதான மேடை எனக்குத் தெரியாது.

ஆனால் கபடியில் பிடித்துத் தள்ளி மேலே விழவேண்டும். வீட்டில் அடி வாங்கி வளர்கிற சில பிள்ளைகள் யாராவது திடீரென்று தொட்டாலே உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு கோ-கோ, வாலிபால், ரிங் (வளையத்தை வீசிப் பிடிக்கும் ஆட்டம்). கோ-கோவில் ஓட்டம்தான் பிரதானம். ஒன்பது பேர் ஆடலாம், இரண்டு கம்பம் நட்டால் போதும். வாலிபால் நெட் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது போட்டி அளவு. நீங்கள் இரண்டு மீட்டருக்கும் கீழே இறக்கிக் கட்டுங்கள். முதல் நாளே பந்து நெட்டைத் தாண்டவேண்டும், அதுதான் முக்கியம்.

கிரிக்கெட்டை ஏன் முதலில் வைக்கவில்லை என்று எங்கள் ஊரிலேயே கேட்டார்கள். முதல் பந்திலேயே அவுட்டான பையன் அப்புறம் ஒரு மணி நேரம் வெயிலில் பந்து பொறுக்குகிறான். மட்டை யார் வீட்டுதோ அவன் மறுபடியும் ஆடுகிறான். ஆறு மாதம் போகட்டும், ஆளுக்கு இரண்டு ஓவர் என்று விதி போட்டு ஆடுங்கள்.

சாமான்கள்: 2024-ல் தமிழக அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 33 வகை உபகரணங்களை கிராம ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பிறகு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைப் பாருங்கள். நீங்களாக வாங்க வேண்டியது ஒரு விசில், முதலுதவிப் பெட்டி, ஒரு நீள நோட்டு.

நான்காம் படி: முதல் பதினைந்து நாள்

மேட்ச் வைக்காதீர்கள். ஸ்கோர் எழுதாதீர்கள். இந்தப் பதினைந்து நாளில் நடக்கவேண்டியது இரண்டு: உங்களுக்கு எல்லோர் பெயரும் தெரியவேண்டும், ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் புதிதாகச் செய்துகாட்டியிருக்க வேண்டும்.

தினமும் வட்டமாக நின்று பெயர் வாசியுங்கள். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி குனிந்துகொண்டு வாசிக்காமல், முகத்தைப் பார்த்து. வராதவர் பெயர் வந்தால் நிறுத்தி, "எங்கே? யாருக்காவது தெரியுமா?" என்று கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை அனுப்புங்கள். மூன்றாம் நாள் நீங்களே போங்கள். "ஏன் வரல?" என்று அதட்டாமல், "உன்னக் காணோமேன்னு பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். தன்னைத் தேடிக்கொண்டு ஒருவர் வாசலுக்கு வந்தார் என்பது, அப்பா அம்மாவை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புதிய வித்தையை நுணுக்கி உடையுங்கள். கபடியில் போனஸ் (எதிரணிப் பக்கத்து போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து எடுக்கும் கூடுதல் புள்ளி) எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றால், முதல் நாள் எதிரே ஆளே வேண்டாம். கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து மற்றக் காலைத் தூக்கி நிற்பது மட்டும். அடுத்த நாள் பாட்டோடு. அடுத்த நாள் எதிரே இரண்டு பேர் சும்மா நிற்கட்டும். பிறகு அவர்கள் நகரட்டும். ஒவ்வொரு நாளும் 'நேற்று முடியாதது இன்று முடிந்தது' என்று ஒன்று இருக்கவேண்டும். செய்துகாட்டவும் ஊரின் சிறந்த ஆட்டக்காரனைக் கூப்பிடாதீர்கள். போன வாரம்தான் கற்றுக்கொண்டு இன்னும் தடுமாறுகிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். அவனைப் பார்த்தால்தான் "இவனே செய்யறான், நம்மால முடியாதா" என்று மற்றவனுக்குத் தோன்றும்.

ஐந்தாம் படி: ஒரு சாயங்காலம் எப்படி ஓடவேண்டும்

எங்கள் கணக்கு 75 நிமிடம். பெயர் வாசிப்பு 5 நிமிடம். மெதுவான ஓட்டம், உடம்பு சூடேற்ற 10 நிமிடம். அன்றைய ஒரு வித்தை 15 நிமிடம். ஆட்டம் 30 நிமிடம். இதில் எல்லோரும் குறைந்தது மூன்று முறை பாடிப் போயிருக்க வேண்டும், அதற்கு ஒரு பிள்ளை நோட்டில் கோடு போடும். மிச்சம் 15 நிமிடத்தை மண்ணில் உட்கார்ந்து கழிப்போம்.

அந்தக் கடைசிப் பதினைந்தைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். மூச்சு வாங்கி முடித்து, கையில் ஒரு உருண்டை வேர்க்கடலையோ கேழ்வரகு லட்டோ இருக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து "உனக்கு என்ன பிரச்சனை" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, உங்களைப் பார்க்காமல், "ணா, எங்கப்பா நேத்து மறுபடியும் குடிச்சிட்டு வந்துச்சு" என்று வரும். உடனே அறிவுரை சொல்லாதீர்கள். "அப்புறம் நீ சாப்பிட்டியா?" போதும். கேட்டுக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சொல்வான்.

ஆறாம் படி: வாய்ச்சொல்

விசில் ஊதுகிறவரின் வாயில்தான் பாதி வேலை இருக்கிறது. நிறம், உயரம், பல், குண்டு, ஒல்லி, அப்பா பெயர், தெரு பெயர் இவற்றை வைத்து யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மீறினால் தண்டனை ஓட்டம் வேண்டாம், ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். அவன் திருத்திக் கூப்பிட்ட பிறகு தொடருங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓடுவதே பிடிக்காமல் போகும்.

பாராட்டும்போது "சூப்பர்டா" என்று பொதுவாகச் சொல்வதில் பிரயோசனம் குறைவு. "நேத்து இடது பக்கம் பார்க்காம போன, இன்னிக்குப் பார்த்துட்டுத் திரும்பின" என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். தவறும்போதும் அப்படியே. மேட்சுக்கு முன்பு ஒரு பிள்ளை கை நடுங்குது என்றால் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். "உடம்பு தயாராகுது, எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் வரவேண்டும் என்றால்

நம் இரண்டு மாவட்டங்களிலும் சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் தீராத பிரச்சனை. பெண் குழந்தை வேண்டாம் என்று கொன்ற காலத்தின் நிழலும் இங்கே உண்டு. அதனால் இதை நான் ஒரு துணைப்பகுதியாக எழுதவில்லை. பதினாலு பதினஞ்சு வயதில் வீட்டுக்குள் போன பெண், மைதானத்துக்குத் திரும்பி வந்தால் அவளுடைய முழு வாழ்க்கையும் வேறு பக்கம் திரும்ப வாய்ப்பு இருக்கிறது.

முதலில் அம்மாவிடமும் ஆயாவிடமும் பேசுங்கள், அப்பா பிறகு. பேசப் போவது ஒரு பெண்ணாக இருக்கட்டும்: அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழுத் தலைவி, பள்ளி பி.டி. டீச்சர். எங்கள் ஊரில் ஒரு ஆயா திட்டவட்டமாகச் சொன்னார், "பொட்டப்புள்ள கால தூக்கி ஆடறத ஊரு பார்க்கணுமா?" நாங்கள் வாதாடவில்லை. "ஆயா, நீங்களே வந்து உட்காந்து பாருங்க, உங்க கண்ணு முன்னாடி ஆடட்டும்" என்று ஒரு நாற்காலி போட்டோம். நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் எதிர் அணிப் பெண் ஒருத்தி கோட்டைத் தாண்டிவிட்டாள் என்று எழுந்து நின்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு பேத்திக்குக் காய்ச்சல் என்றாலும் ஆயா வந்துவிடுவார்.

நேரம் நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை. பொழுது சாய்வதற்குள் வீடு சேரவேண்டும். ஒரே தெருப் பெண்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரட்டும். உடை சுடிதாரோ டிராக் பேண்டோ, அவர்கள் சௌகரியம். கழிப்பறை திறந்திருக்க வேண்டும், உள்ளே தண்ணீரும் பக்கெட்டும் இருக்கவேண்டும், நாப்கின் இரண்டு முதலுதவிப் பெட்டியில் எப்போதும் இருக்கவேண்டும். மாதவிலக்கு நாட்களில் ஆடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். ஆடாவிட்டாலும் வந்து ஸ்கோர் எழுதலாம். பயிற்சி நடக்கும்போது பெரிய பெண் ஒருவர் மைதானத்தில் இல்லாமல் ஒரு நாளும் நடத்தாதீர்கள். எந்தப் பிள்ளையையும், ஆணோ பெண்ணோ, தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், தனி அறையில் பேசாதீர்கள். இது சந்தேகத்துக்காகச் சொல்வதில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கட்டாயம் எழுதி வைக்கவேண்டிய விதி.

உடல் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். பக்கத்து சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் சின்ன வயதில் விபத்தில் வலது கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலுவை, பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். அவர் 2016 ரியோவில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

டோர்னமென்ட்டும் தோல்வியும்

முதல் வருடம் பொங்கல் டோர்னமென்ட் வந்தது. முப்பத்தி நாலு பேர் வந்துகொண்டிருந்த மைதானத்தில் நான் பத்து பேரைப் பொறுக்கி எடுத்து, ஒன்றரை மாதம் அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தேன். மற்றவர்களைக் கோடு போட வைத்தேன். அரையிறுதி வரை போனோம். திரும்பி வந்து பார்த்தபோது மைதானத்தில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். விட்டுப்போனவர்களில் ஒரு பையன், அதற்குள் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தவன், அப்புறம் திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு மூன்று முறை போனேன். "நான் ஆடறதில்லண்ணா" என்று மட்டும் சொன்னான். அந்தத் தவறு என்னுடையது, இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

அதற்குப் பிறகு போட்ட விதிகள் இவை. போட்டி நடக்கும் மாதத்திலும் பொது ஆட்டம் நிற்காது. அணிக்குத் தேர்வாக மாத வருகை ஒரு கணக்கு; திறமை மட்டும் போதாது. வருடத்துக்கு இரண்டு முறை எங்களுக்குள்ளேயே போட்டி, அதில் வருகிற எல்லோரும் ஆடுவார்கள். பரிசு, கோப்பைக்குப் பதிலாக எல்லோருக்கும் சாப்பாடு. தோற்ற அன்றைக்கு விசாரணை கிடையாது. அன்று ராத்திரி ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். எங்கே தவறியது என்ற பேச்சு அடுத்த நாள் மைதானத்தில், ஆளைச் சொல்லாமல் ஆட்டத்தைச் சொல்லி.

மைதானம் போதாத இடம்

விளையாட்டு மனசைத் தேற்றும். மன நோயைத் தனியாகக் குணப்படுத்தும் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். தினமும் வந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால், தனக்குப் பிடித்த சாமானை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்தால், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேசினால், உடம்பில் புதிய காயம் தெரிந்தால், அதைச் சாதாரணமாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து வீட்டில் கைக்கு எட்டாமல் இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைகள் மீதான வன்முறைக்கும், கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தாலும் 1098. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூடப் போங்கள்.

மே மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வருகிற நாட்களில் மைதானத்தைக் கட்டாயம் திறந்து வையுங்கள். மார்க் என்ன என்று யாரையும் கேட்கக் கூடாது என்பது அன்றைய விதி. பெயர் வாசிப்பில் யார் இல்லை என்று மட்டும் பாருங்கள், உடனே அந்த வீட்டுக்குப் போங்கள்.

பெரியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளிர் குழுவுக்கு எறிபந்து ஆரம்பித்துப் பாருங்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுகிற அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்தில் தனக்கென்று கிடைக்கிறது என்று எங்களிடம் சொன்ன அம்மாக்கள் உண்டு. இளைஞர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கு போட்டு வாலிபால். ஷிப்ட் ஆட்களுக்கு அதுதான் தோது. குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடாதீர்கள், ஆனால் "நாளைக்கு வா" என்று சொல்லித்தான் அனுப்பவேண்டும்.

நோட்டும் சாவியும்

மாதக் கடைசியில் ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை பேர் பாதி நாளுக்கு மேல் வந்தார்கள், புதிதாக யார் வாய் திறந்தார்கள், யார் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள், யார் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். ஊராட்சியிலோ நன்கொடை தருகிறவர்களிடமோ கணக்குக் காட்டவேண்டிய நாளில் இந்தப் பக்கங்களே போதும்.

நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் அஞ்சு மணிக்கு விசில் சத்தம் கேட்கவேண்டும். அதற்கு முதல் வருடத்திலிருந்தே மூத்த பிள்ளைகள் இரண்டு பேரை, ஒரு பையன் ஒரு பெண், பெயர் வாசிக்கப் பழக்குங்கள். கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ போகும்போது அவர்களே அடுத்த இருவரைக் காட்டிவிட்டுப் போகட்டும். எங்கள் மைதானத்தில் இப்போது பெயர் வாசிக்கிறவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அந்தப் பையன்தான். ஓசூரில் வேலை, டே ஷிப்ட் வாரத்தில் சனிக்கிழமை மட்டும் வருவான். மற்ற நாட்களில் பெயர் வாசிக்கிறவள் பதினொன்றாம் வகுப்புப் பெண். சாமான் அறைச் சாவி அவள் ஆயா வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது.